மடி தவறிய தாய்மாமன்

சங்கரன்கோவிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சென்னையில் வேலை.

"ஏலே, முந்தின நாளே ரயில்ல வந்துரு" என்றாள் அக்கா.

"மதுரைக்கு பிளைட்ல ஒன்னேகால் மணி நேரந்தான்க்கா. காலையில ஏறி ஒம்பதரைக்கு அங்கன நிப்பேன்" என்று பீற்றிக்கொண்டேன்.

பறந்தது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் விமானம் கிளம்பவே முக்கால் மணி தாமதம். மதுரையில் இறங்கிச் சீர்ப் பெட்டி வந்துசேர அரை மணி. அப்புறம் காரில் மூன்று மணி நேரம். வானத்தை மட்டும் கணக்குப் போட்ட மடையன் நான்.

போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். அவசரத்துக்கு அவர் வாங்கி வந்த கம்மல் அவள் காதில் கிடந்தது. நான் சீராகக் கொண்டுபோன கம்மலைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்கும் முந்தின நாளே ரயிலேறிவிடுகிறேன். போன மாதம் இளையவள் காதுகுத்துக்கும் அப்படித்தான் போனேன். காலையில் குளித்து, பட்டு வேட்டி கட்டித் தயாராக நின்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மூத்தவளுக்கும் அண்ணாச்சிதான இருந்தாவ. இவளுக்கும் அவியளே இருக்கட்டும்ல."

அன்று பந்தியில் சாம்பார் ஊற்றினேன்.