உறவு இல்லை, சாமி

நானும் என் மனைவியும் உறவினர்கள் அல்லர் என்று காரைக்காலில் ஒரு கோயில் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. நல்ல கையெழுத்து. பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். பொய்யைக்கூடக் கோணாமல் எழுத வரும்.

உண்மையில் அவள் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள். அவள் பிறந்த வாரமே எனக்கென்று பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது, ஆட்சேபம் சொல்லத் தெரியவில்லை. கத்தோலிக்கர்களான நாங்கள் மாமன் மகளைக் கோயிலில் கட்ட ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், விதிவிலக்கு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் விதிவிலக்கில்தான் நடக்கும், யாரும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் முறை வந்தபோது பங்குக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். நெருங்கின சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று பிரசங்கத்திலேயே கண்டிக்கிறவர். ஆயருக்கு எழுதிப் பதில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. பெண்ணின் அப்பாவான என் மாமாவோ பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர். அந்த லீவு ஈஸ்டருக்கு முன்பே முடிகிறது.

மாமாதான் வழி சொன்னார். "சாமி கேட்டா சொந்தம் இல்லன்னு சொல்லிடுங்க மாப்ள. அவரு என்ன, ரத்தம் எடுத்தா பாக்கப் போறாரு?"

சாமியார் எங்களைத் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தார். "உறவு இல்லை, சாமி" என்றேன். அவளும் அதையே சொன்னாள். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி கேட்டார். கோயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் இருவருக்கும் பொதுவான சொந்தக்காரர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள். ஒருவர் இருமக்கூட இல்லை. அவ்வளவு ஒற்றுமையை எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மகன் பிறந்தான், மூன்று வருடம் கழித்து மகள். மகனுக்கு எட்டு வயதில் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், இறங்கியது. நாலு மாதத்தில் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை பயந்துபோய்ப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, பரம்பரையாகக் குழந்தைகளுக்கு வரும் ஈரல் நோய்களையும் பித்தக்குழாய் நோய்களையும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளை வியாழக்கிழமைகளில் அவரே உட்கார்ந்து பார்ப்பார். மற்றவர்களுக்குப் பொது வரிசை. வாசலில் மேஜை போட்டு ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

எனக்குப் பின்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பங்கு உபதேசியார் நின்றுகொண்டிருந்தார். ஓலை வாசித்த நாட்களில் சாமியாருக்குப் பக்கத்தில் நின்ற மனிதர்.

"இல்லைங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மனைவி என் விலாவில் இடித்தாள். பையனைத் தூக்கி வைத்திருந்ததால் சரியாக இடிபடவில்லை.

பொது வரிசையில் எங்களைப் பார்த்த இளம் டாக்டர், சாதாரண மஞ்சள் காமாலைதான், ஓய்வும் கஞ்சியும் போதும் என்று அனுப்பிவிட்டார். அவர் மீது குற்றமில்லை. அவருக்கு நான் கொடுத்த தகவல் அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு மாதம் வைத்தியத்தை நானே ஏற்றுக்கொண்டேன். நிறையப் படிக்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் ஊறிய தண்ணீர் ஈரலைக் கழுவும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்தது. பரணிலிருந்து கல்யாணச் சீர் செப்புக்குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன்.

"தண்ணி காசு நாத்தம் அடிக்குதுப்பா" என்றான் பையன்.

"ஈரல் கழுவுதுடா. கண்ண மூடிட்டுக் குடி."

கறிக்கடை பாயும் தன் பங்குக்கு யோசனை சொன்னார். "ஈரலுக்கு ஈரல்தான் சார் மருந்து. நம்ம புள்ளைக்குன்னு தனியா எடுத்து வச்சிடுறேன், வந்து வாங்கிக்கிங்க." செவ்வாயும் ஞாயிறும் ஆட்டு ஈரல், மிளகு போட்டு. மற்ற நாட்களில் கிடைத்தால் நண்டு ரசம். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், கறி கிடையாது, எங்கள் வீட்டில் நண்டும் கிடையாது. அந்த ஒரு நாள் பையன் தப்பித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் கையெழுத்து கெட்டது. எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கிறதென்று வாத்தியார் சொல்லியனுப்பினார். கையெழுத்தில் மானம் வைத்திருக்கும் நான் அவனை உட்காரவைத்து தினம் இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். பென்சில் அவன் விரலில் நடுங்கியது. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒரு நாள் ஸ்கேலால் கையில் ஒன்று போட்டேன்.

பிறகு அவன் வயிறு உப்பியது, கால் வீங்கியது. மறுபடி புதுச்சேரி. அது வியாழக்கிழமை. நான் வழக்கம்போலப் பொது வரிசையின் வாலைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் மனைவி பையனைத் தூக்கிக்கொண்டு மேஜைக்காரரைத் தாண்டி நேரே உள்ளே போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க எனக்குச் சொந்த அத்தை மவன், டாக்டரம்மா."

டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்தார். "பின்ன ஏன் இல்லைன்னு எழுதியிருக்கு?"

"அது கல்யாணத்தப்ப கோயில்ல சொன்ன பொய்ங்க. இவங்களுக்கு அப்புடியே பழகிப்போச்சி."

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"பிறப்பு இறப்புப் பதிவு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பையனை இருட்டறைக்குக் கூட்டிப்போய் மோவாயை ஒரு கருவியில் வைத்துக் கண்ணில் விளக்கடித்தார். என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, களிம்பு பிடித்த குடத்தின் விளிம்பு மாதிரி, பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம்.

"இது செம்பு" என்றார். "சாப்பாட்டுல வர்ற செம்பை ஈரல்தான் பித்தத்தோட வெளியே தள்ளணும். இவனுக்குத் தள்ள வரல. அது ஈரல்ல தங்குது, மூளைல தங்குது, கண்ணுல தங்குது. கை நடுங்குறது அதனாலதான். உங்க கிட்டேருந்து ஒரு கோளாறு, அம்மா கிட்டேருந்து அதே கோளாறு. ஒண்ணு மட்டும் வந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

நான் பையனின் வலது கையைப் பார்த்தேன்.

"வீட்டுல செம்புப் பாத்திரம் புழங்குறீங்களா?"

மனைவிதான் குடத்தைப் பற்றிச் சொன்னாள், ஈரலைப் பற்றிச் சொன்னாள், நண்டைப் பற்றியும் சொன்னாள். எல்லாவற்றிலும் செம்பு இருக்கிறதாம். டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"இதெல்லாம் யாரு சொல்லி அவனுக்குக் குடுத்தீங்க?"

"பத்திரிகைல போட்டிருந்தது" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் அவ்வளவு கேவலமாக ஒலித்தது வேறில்லை.

"ரெண்டு மாசம்" என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுதினார். மாத்திரைகள், ஆயுள் முழுக்க. பிறகு ஒரு பெரிய தாளை எடுத்துக் கட்டமும் வட்டமுமாக எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார்.

"வேற பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு, அஞ்சு வயசு. அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லைன்னு யாரு சொன்னது?"

அப்பா அம்மா இருவரிடமும் அந்தக் கோளாறு இருந்தால் நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு வரலாம் என்றும், ஒன்றுக்கு வந்துவிட்டதே என்று அது அடுத்ததை விட்டுவிடாது என்றும் சொன்னார். அந்தக் கோளாறு உடம்புக்குள் சரியாக எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. எங்களைப் போன்ற குடும்பங்களின் ரத்தத்தை வைத்துத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக அவரே ஐஸ் பெட்டியோடு குரும்பகரத்தில் எங்கள் தாத்தா வீட்டுக்கு வந்தார். ஓலை வாசித்தபோது ஊமையாக இருந்த ஜனம், புதுச்சேரி டாக்டர் வருகிறார் என்றதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூடிவிட்டது. "நான் ரெண்டு வழியிலயும் சொந்தங்க, எனக்கு ரெண்டு தடவ எடுக்கணுமா?" என்று கேட்டார் ஒரு பெரியப்பா. என் மாமா மட்டும், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊரிலேயே இருந்தும், வெகுநேரம் முற்றத்துக்கு வரவில்லை. கடைசியில் வந்து, யாரையும் பார்க்காமல் கையை நீட்டினார்.

மகளின் கண்ணில் வளையம் இல்லை. ஆனால் ரத்தத்திலும், ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்த மூத்திரத்திலும் அதே கோளாறு தெரிந்தது. ஈரல் கெடத் தொடங்குமுன்பே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே அவள் ஒற்றைக் காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

பையனுக்கு ஒரு வருடத்தில் வயிறு வற்றியது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால் எழுதப் பழகினான். சட்டைப் பித்தானை நான் போட்டுவிடுவேன். அவன் ஒருநாளும் அந்த ஸ்கேலைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மகளுக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது. ஏழு வயதில் ஒரு காலை, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணனுக்குக் கை ஆடுது, அது முழுங்குது. எனக்கு எதுவும் ஆடலியே. நா ஏன் முழுங்கணும்?"

"ஒங்கப்பாட்டயே கேளு" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

பூச்சி மருந்து, சத்து மாத்திரை, டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று இரண்டு மூன்று பதில்கள் வாய்க்குள் தயாராக வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"ஒங்கம்மா எனக்கு மாமன் மவம்மா. நாங்க ரெண்டு பேரும் சொந்தம். அதனாலதான்."

இன்னும் ஏதாவது வருமா என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அதான் ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள்.