வண்டிக் கண்ணாடி

செம்பூர் சர்வீஸ் சென்டரில் என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

தாராவியில் எங்கள் மூன்று பேருக்கும் அப்பாவின் பைக்தான். நான் டேங்க் மேல், அம்மா பின்னால். இறங்கியதும் அம்மா நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வண்டிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுவாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்வாள்.

"பைக்கு எனக்கா, ஒம் பொட்டுக்கா?" என்பார் அப்பா.

கடைசியாக ஆஸ்பத்திரி வாசலில் அப்படி ஒட்டியவள், மூச்சு வாங்கியதில் திரும்ப வைத்துக்கொள்ள மறந்து உள்ளே போனாள். வெளியே வரவேயில்லை.

அதன்பிறகு வண்டி துடைக்கும்போதெல்லாம் அந்த ஓரத்தை மட்டும் அப்பா தொடமாட்டார். பிரேக் பிடிக்காமல் போனபோதுதான், வேறு வழியின்றி, சர்வீஸுக்கு விட்டார்.

சாயங்காலம் போனோம். இதே பாலிஷ் வாசனை. கண்ணாடியில் பொட்டு இல்லை.

"பழைய கண்ணாடி எங்க தம்பி?" என்றார் அப்பா. கண்ணாடியை மாற்றிவிட்டார்கள் என்றே நம்பினார்.

"மாத்தலையே அண்ணாச்சி, அதே கண்ணாடிதான். ஒட்டியிருந்ததச் சொரண்டி எடுத்துட்டேன்," என்று மெக்கானிக் பெருமையாகச் சிரித்தார்.

பெட்ரோல் துளி குறைந்தாலும் சண்டைக்குப் போகும் அப்பா, "நல்லா பண்ணிருக்கீங்க," என்றார். வழக்கம்போல டேங்க் மேல் ஏறப்போன என்னைத் தடுத்தார்.

"ஏளா, பின்னால உக்காரு."

"மேடம், சர்வீஸ் எப்படி இருந்துச்சு? அஞ்சு ஸ்டார் போட்டுருங்க," என்று இப்போது என்னிடம் போனை நீட்டினாள் கவுண்டர் பெண்.

என் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கறை இல்லை. ஐந்தும் போட்டேன்.