தெர்ரா ஆல்ட்டாவின் சரளைப் பாதையும் இரண்டரை கிலோமீட்டர் தார்ச்சாலையும்

சென்ற செப்டம்பரில் நானும் என் கணவர் ஜமாலும் ஸ்பெயினில் இரண்டு நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தோம். அங்கே அது திராட்சை அறுவடைக் காலம். ஒயின் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பயணம் என்று சொன்னதும் கலிஃபோர்னியாவில் நாங்கள் வசிக்கும் ஃப்ரீமான்டில் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஒரு சொட்டுகூடக் குடிக்காத நீங்கள் இரண்டு பேரும் அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? நியாயமான கேள்விதான். நாங்கள் போனது ஒயினுக்காக அல்ல, கார் வராத பாதைக்காக.

இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டுப் பக்கத்துச் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, வலது பக்கம் திரும்பிய கார் ஒன்று என்னைத் தள்ளிவிட்டது. காறை எலும்பு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, பயம்தான் போகவில்லை. அதற்குப் பிறகு ஓடையோரச் சைக்கிள் பாதையில் மட்டும்தான் ஓட்டினேன். அங்கே போவதற்கே சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு போவோம். வழியில் ஒரு தெருவைக் கடக்க வேண்டுமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். இனி வாழ்நாளில் ரோட்டில் ஓட்டவே மாட்டேனோ என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், அழுகையும் வரும். அந்த நிலையில்தான் ஸ்பெயினில் பழைய ரயில் தடங்களைப் பிடுங்கிவிட்டுச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள் என்று ஜமால் கண்டுபிடித்துச் சொன்னார்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பார்சிலோனாவுக்குத் தெற்கே, தெர்ரா ஆல்ட்டா என்ற ஒயின் வட்டாரத்தில் தொடங்கி, எப்ரோ ஆற்றங்கரையிலிருக்கும் தொர்த்தோசா நகரத்தில் முடிகிற பாதை. ஆர்னெஸ் என்ற ஊரின் பழைய ஸ்டேஷனில் ஏறினால் ஏறத்தாழ 49 கிலோமீட்டர். பெரும்பாலும் இறக்கம்தான், அதுவும் ரயிலுக்குப் போட்ட இறக்கம் என்பதால் முழங்காலுக்குத் தெரியாது. பார்சிலோனாவிலிருந்து தொர்த்தோசாவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கே வாடகைக்கு, சரளைப் பாதைக்கென்றே செய்த இரண்டு கிராவல் சைக்கிள் எடுத்தோம், ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 யூரோ. சைக்கிள்களையும் எங்களையும் வேனில் ஆர்னெஸுக்குக் கொண்டுவிட 60 யூரோ. மாலை ஆறு மணிக்கு ஒரு கிராமத்து வீட்டில் அறை எடுத்து இறங்கினோம்.

இனி ரைஸ் குக்கர் கதை. ஹலால் கிடைக்காது, எதைக் கேட்டாலும் பன்றி இறைச்சி கலந்திருக்கும் என்று பயந்து, மூன்று கோப்பை அளவுள்ள குட்டி ரைஸ் குக்கரையும் அரிசியையும் புளிக்காய்ச்சலையும் ஃப்ரீமான்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போயிருந்தோம். இரவு சோறாக்கி, புளிச்சோறு கிளறி, மறுநாளுக்குக் கட்டிக்கொள்வது திட்டம். ஜமால் ஐரோப்பிய பிளக் அடாப்டரில் குக்கரைச் செருகினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, படீரென்று ஒரு சத்தம், பிறகு புகை, பிறகு வீடு முழுக்க இருட்டு. அமெரிக்க குக்கர் 120 வோல்ட், அங்கே வருவது 230. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ஊரிலிருந்து மிக்ஸி வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கெல்லாம் இதை வருடக்கணக்காக விளக்கிச் சொல்கிறவர் ஜமால். தொழில், சன்னிவேலில் சிப் வடிவமைப்பு.

"ஒண்ணுமில்ல நஸீமா, டென்ஷன் ஆகாதே. ஃபியூஸ்தான் போயிருக்கு" என்றார் இருட்டிலிருந்து.

"ஃபியூஸ் மட்டுமா போச்சு? நாளைக்குச் சோறும் போச்சு மச்சான்" என்றேன்.

வீட்டுக்கார அம்மாள் டார்ச்சோடு வந்து மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு, ஜன்னலை மட்டும் திறந்துவைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரொட்டி, வெண்ணெய், காப்பி. ஜமால் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எட்டரை மணிக்குக் கிளம்பினோம். அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுநடுவே ஆலிவும் பாதாமும், பின்னால் சாம்பல் நிறப் பாறை மலை. டயருக்கடியில் சரளை நெறுநெறுக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. இரண்டு வருடமாகப் பின்னால் என்ன வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே என் கழுத்து இறுகிப் போயிருந்தது. அன்றுதான் நான் பின்னால் பார்க்கவே இல்லை என்பது எட்டாவது கிலோமீட்டரில் உறைத்தது. சந்தோஷத்தில் மணியை அடித்துக்கொண்டே போனேன், கேட்பதற்கு ஆளே இல்லாவிட்டாலும்.

ஓரிடத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கத்தரியோடு நின்ற ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு பெரிய குலையை என் ஹேண்டில்பார் மேலேயே தொங்கவிட்டார். ஒயின் திராட்சை சின்னதாக இருக்கும், விதை அதிகம், ஆனால் தித்திப்பென்றால் அப்படி ஒரு தித்திப்பு. முழுக் குலையையும் நானே தின்றேன். "எனக்கு வேணாம்பா, சுகர் ஏறிடும்" என்று ஜமால் கை கூப்பிவிட்டார்.

பத்தேகாலுக்கு போத் என்ற ஊர் வந்தது. பாதையிலிருந்து கூப்பிடு தூரம்தான், தேவாலயக் கோபுரம் தெரிகிறது. ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். ஜமால் போனில் வரைபடத்தைக் காட்டினார். அடுத்த நாலைந்து கிலோமீட்டரில் 'ஸ்டேஷன்' என்று ஒரு குறி இருந்தது.

"ஸ்டேஷன்னு போட்டிருக்கு இல்ல? ஸ்டேஷன்ல டீ, காப்பி கிடைக்காமலா போயிடும்? அங்க போய் உக்காந்து நல்லா சாப்பிடலாம், வா."

இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஸ்டேஷன் என்றால் எங்கள் இருவர் மனதிலும் வருவது வடைத் தட்டும் டீ வாளியும்தான். ரயில் ஓடி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்ட தடம் இது என்று தெரிந்துதான் அங்கே போயிருந்தோம். தெரிந்தும் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

போத்தைத் தாண்டியதும் தோட்டங்கள் முடிந்து பள்ளத்தாக்கு தொடங்குகிறது. சுரங்கம் விட்டால் பாலம், பாலம் விட்டால் சுரங்கம். விளக்கு எரியாத சுரங்கங்கள் உண்டு, நல்ல டார்ச் இல்லாமல் நுழையாதீர்கள். ஜமால் மெதுவாகிக்கொண்டே வந்தார். படம் எடுக்க நிற்கிறார் என்று முதலில் நினைத்தேன். வரைபடம் காட்டிய பிராட் தே கோம்தே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகமெல்லாம் குளிர்ந்த வேர்வை, கை நடுங்கியது, சர்க்கரை இறங்கிவிட்டது. ஸ்டேஷன் என்பது கூரையில்லாத நாலு சுவர். உள்ளே அத்திச்செடி முளைத்திருந்தது.

என் பையில் நான்கு பேரீச்சம்பழம் இருந்தது. நான்கையும் ஊட்டி, தண்ணீர் கொடுத்து, சுவர் நிழலில் உட்காரவைத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. ஆனால் எழுந்து ஓட்டுகிற நிலையில் அவர் இல்லை, வயிற்றுக்கு ஏதாவது போயே ஆக வேண்டும். போனில் சிக்னல் இல்லை. திங்கட்கிழமை என்பதாலோ என்னவோ பாதையிலும் யாருமில்லை. ஊர் மேலே இருக்கிறது என்று கைகாட்டிப் பலகை சொன்னது. கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர். ஒரு வளைவுக்கப்பால் தார்ச்சாலை தெரிந்தது, அதில் ஒரு கார் சர்ரென்று போனது.

"நீ போக வேணாம். கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும், நானே போறேன்" என்றார். எழுந்து நிற்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"பேசாம இருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

முதல் இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டுதான் போனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிக்கொண்டு போய் எப்போது திரும்புவது என்று தோன்றியதும் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி மிதித்தேன். நல்ல ஏற்றம். மூச்சு வாங்கியது. பாதி வழியில் பின்னால் கனமான எஞ்சின் சத்தம் கேட்டது. என் உடம்பு முழுக்க அந்தப் பழைய நாள் வந்துவிட்டது. தோள் இறுகியது, கண்ணில் தண்ணீர், ஓரமாக ஒதுங்கி நிற்கக்கூட இடமில்லை. இடிக்கப் போகிறான், இதோ இடிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். இடிக்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. வளைவு முடிந்து சாலை அகலமானதும் எதிர்ப் பக்கம் முழுவதும் ஏறி, திராட்சை நிரம்பிய டிரெய்லரோடு ஒரு டிராக்டர் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டிய கிழவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு நேரமும் என் வேகத்திலேயே பின்னால் வந்திருக்கிறார் மனிதர். அடுத்து வந்த கார்கள் இரண்டும் அப்படித்தான் விலகிப் போயின. இரண்டாவது காருக்கு நான் கையசைத்தேன்.

ஊரில் ஒரு பார் திறந்திருந்தது. கலிஃபோர்னியாவில் காதில் விழுந்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு பன்றி வேண்டாம், ஒயினும் வேண்டாம் என்று சொன்னேன். கடைக்காரப் பெண் சுற்றியிருந்த தோட்டங்களையெல்லாம் கையால் காட்டி, பிறகு என்னைக் காட்டி, அப்புறம் எதற்கு இங்கே வந்தாய் என்பதுபோலச் சிரித்தார். கணவருக்குச் சர்க்கரை, கீழே ஸ்டேஷனில் இருக்கிறார் என்று நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து அடை கனத்துக்குச் சுட்ட தோர்த்தியாவைப் பாதியாக வெட்டி, தக்காளி தேய்த்த ரொட்டிக்குள் வைத்து இரண்டு பொட்டலமாகக் காகிதத்தில் சுற்றினார். கூடவே இரண்டு ஆரஞ்சுச் சாறு. எல்லாம் சேர்த்து 11 யூரோ.

திரும்பும்போது முழுக்க இறக்கம். அதே ரோட்டில், நட்ட நடுவே என் தடத்தைப் பிடித்துக்கொண்டு, காற்றில் துப்பட்டா படபடக்க இறங்கினேன். வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அது ஒரு சொல்லே இல்லை என்று நினைக்கிறேன். நாற்பத்தேழு வயதில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஜமால் ரொட்டியைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "எந்த வழியாப் போனே?"

"ரோட்டு வழியா."

"வண்டி வந்துச்சா?"

"வந்துச்சு. போயிடுச்சு."

அவர் மறுபடி ரொட்டியைக் கடித்தார். முதல் பொட்டலம் முடிந்ததும் என் பங்கையும் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார், நான் விட்டுவிட்டேன்.

அன்று மாலை நாலு மணிக்கு எப்ரோ கரையிலுள்ள பெனிஃபாயெத்தில் தங்கினோம். மறுநாள் ஆற்றோடு சேர்ந்தே போகும் சமதளப் பாதை, ஆரஞ்சுத் தோப்புகள், அவசரமே இல்லை. போக நினைப்பவர்களுக்கு: செப்டம்பர் நடுவில் போங்கள், ஜூலை வெயில் தாங்காது. 40 மில்லிமீட்டர் டயர் போதும். ஊர் கண்ணில் பட்டால் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரைக்குமேல்தான், கடைகள் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடிக் கிடக்கும். முட்டை, மீன், காய்கறி எல்லா இடத்திலும் கிடைக்கிறது, நாங்கள் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை உள்ளவர்கள் இனிப்பு இல்லாமல் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை. எப்ரோவைக் கடக்கும் பழைய ரயில் பாலத்தோடு பாதை முடிந்துவிடுகிறது. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடை தொர்த்தோசாவின் மறுகோடியில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி. நடுவே மூன்று ரவுண்டானா, பஸ், லாரி, ஸ்கூட்டர், சாயங்கால நெரிசல். ஜமால் வழக்கம்போல இறங்கி, சைக்கிளை நடைபாதைக்குத் தூக்கினார், எனக்காக. நான் இறங்கவில்லை. "பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு முதல் ரவுண்டானாவுக்குள் கையைக் காட்டி நுழைந்தேன்.

இரண்டாவது ரவுண்டானாவின் சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. நியூஜெர்ஸியில் படிக்கிற எங்கள் மகள். விபத்துக்குப் பிறகு என் போன் எங்கே இருக்கிறது என்பதைத் தன் போனில் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"உம்மா! யூ ஆர் ஆன் எ மெயின் ரோட்! ஆர் யூ இன் எ டாக்ஸி?"

"இல்லம்மா, சைக்கிள்ல" என்றேன். "போனை வை, பச்சை விழுந்துடுச்சு."