தளர்வுகளுடன் கூடிய நீட்டிப்பு

ஊரடங்கு தொடங்கிச் சில மாதங்களில் அரசு அறிவிப்புகளில் ஒரு சொற்றொடர் நிலைபெற்றுவிட்டது: தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு நீட்டிக்கப்படுகிறது. கதவைத் திறப்பதும் சாத்துவதும் ஒரே வாக்கியத்துக்குள் நடந்தன. கேட்பவர் தமக்குப் பட்ட பாதியை எடுத்துக்கொண்டார். மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள் ‘தளர்வு’ என்பதைக் கேட்டு, பெசன்ட் நகர் கடற்கரையில் எப்போது நடக்க விடுவார்கள் என்று பேசத் தொடங்கினோம். எங்கள் வாசல் கேட்டுக்கு உள்ளே, மீட்டர் அறையை ஒட்டி இஸ்திரி வண்டி போட்டிருந்த அக்கா, பெரும்பாக்கத்தில் தம் வீட்டில் ‘நீட்டிப்பு’ என்பதை மட்டும் கேட்டார். கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்.

அவர் முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். குடிசைகளை அகற்றி நகரத்தின் விளிம்பில் உயரமான கட்டடங்களில் குடியேற்றியபோது அவரும் போனார். வண்டியை மட்டும் எங்கள் இடத்திலிருந்து எடுக்கவில்லை. தினமும் பேருந்தில் வந்து, கரி போட்டு, மாலையில் திரும்புவார். பேருந்துகள் நின்ற நாளிலிருந்து அந்த வண்டி நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தனியே நின்றது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் மூன்றாம் மாடியில் இருந்த மாமா, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. கீழே கார் நிறுத்துமிடத்தில், ஆளுக்கு ஆள் தள்ளி நின்றுகொண்டு நடந்த கூட்டத்தில் அவர்தான் வண்டி நின்ற இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்.

“இஸ்திரி போடலாம்னு கவர்ன்மென்ட்டே சொல்லியாச்சு. இன்னும் அவ வந்த பாடில்லை. பெருங்குடிலேர்ந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து துணியை எடுத்துண்டு போய், கவர்ல போட்டுக் கொண்டு வந்து தரேங்கறான். யார் மூச்சும் யார் மேலயும் படாது. நாம எத்தனை நாள் அந்த இடத்தை அடைச்சு வச்சுண்டு உக்காந்திருக்கறது?”

அவரைக் கொடுமைக்காரர் என்று எழுத எனக்கு மனமில்லை. மாமிக்கு அப்போது புற்றுநோய்க்கான சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மாமா காய்கறியைக் கூட உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காய வைத்து, பிறகே வீட்டுக்குள் எடுத்துப் போனார். எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. பயம் எங்களுக்குள் ஒரு பொதுச் சொத்தாக இருந்தது.

“அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தா பாக்கலாம். இல்லேன்னா இடத்தை ஸ்கூட்டர் விடக் குடுத்துடலாம்” என்று முடித்தார்.

அன்றே நான் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“இன்னா பாப்பா, நீட்டிக்கினே போறானுங்களே. நாங்கல்லாம் வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கினு கெடக்குறதா?”

“இல்லக்கா. தளர்வுன்னு சொல்லியிருக்காங்க. இஸ்திரி போடலாம்.”

“நீட்டிப்புன்னு தானே சொன்னான்?”

“அதுக்கு முன்னாடியே தளர்வுன்னு சொன்னான் அக்கா.”

“ரெண்டுத்தையும் ஒரே வாயால சொன்னா எதை எடுத்துக்கிறது? தொறக்குறேன்னா தொறக்குறேன்னு சொல்லணும்” என்றார். அந்த இடம் போய்விடும் நிலையில் இருப்பதைச் சொன்னேன். “பஸ்ஸு?” என்றார். பேருந்துகள் இன்னும் ஓடவில்லை. வேலைக்கு அனுமதி வந்துவிட்டது. வேலைக்கு வந்து சேரும் வழிக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒரு குட்டியானை வண்டி எங்கள் தெருமுனையில் நின்றது. கோயம்பேட்டுச் சந்தையை மூடிய பிறகு கண்ட கண்ட இடத்திலிருந்தெல்லாம் காய்கறி ஏற்றி வந்த சிறு லாரிகளில் ஒன்று. வெங்காய மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, சேலை முந்தானையை முகக்கவசத்தின் மேல் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அக்கா இறங்கினார். மாமா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, “வந்துட்டாளே” என்றார். அதில் ஏமாற்றம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்ற சோர்வுதான் இருந்தது.

எப்படித் தீர்மானிப்பது என்பதை என்னிடம் விட்டார்கள். நான் சமூகப்பணி படித்துவிட்டு ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவள். “நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே, ஒரு வழி எழுதிக் குடு” என்றார் மாமா. நாடு முழுவதற்கும் யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்ததை நான் ஒரு கேட்டுக்குச் செய்தேன். எதை முதலில் திறப்பது, எதனால் யாருக்கு ஆபத்து, யாருக்குச் சோறு என்று இரு பக்கமும் எடை போட்டேன். அக்கா மாடி ஏறக் கூடாது. துணியைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி இறக்க வேண்டும். இஸ்திரி போட்ட துணி ஒரு முழு நாள் கீழேயே இருந்த பிறகுதான் வீட்டுக்குள் போக வேண்டும். இந்தக் கடைசி விதி மாமியையும் அப்பாவையும் நினைத்து எழுதியது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் அதை இன்றும் தவறென்று சொல்லமாட்டேன். சங்கம் ஒப்புக்கொண்டது. அக்கா தொடர்ந்து வேலைக்கு வந்துகொண்டிருக்கும்வரை இடம் அவருடையது என்றும் முடிவாயிற்று.

அக்கா தார்ப்பாயைப் பிரித்தார். கரி பற்றவைத்தார். கூடைகள் இறங்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடைகள் அதிகம் இறங்கவில்லை. இறங்கியவற்றிலும் சட்டைகள்தான் இருந்தன. அலுவலகங்கள் மடிக்கணினித் திரைக்குள் போய்விட்டிருந்தன. திரையில் தெரிவது மார்பு வரைதான். ஒருநாள் நான் கீழே போனபோது அக்கா ஒரு சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏரியாவுல பேன்ட்டு போடுற ஆம்பளையே இல்ல போலக்கீது பாப்பா. மேல ஆபீசரு, கீழ லுங்கி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். “கல்யாணம் இல்ல, பட்டுப்பொடவை இல்ல. ஸ்கூலு இல்ல, யூனிபாரம் இல்ல. இவங்க வெளிய போனா தானே எனக்குத் துணி?”

அவசரமாகச் சட்டை வேண்டியவர்களுக்கு ஒரு நாள் காத்திருக்க முடியவில்லை. வீட்டிலேயே ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கிக்கொண்டார்கள். நான் எழுதிய விதி அதற்கும் கொஞ்சம் காரணம். இதை நான் எடை போட்டபோது தராசில் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று இப்போதும் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இருந்ததையெல்லாம் கூடையில் போட ஆரம்பித்தேன். அப்பாவின் வேட்டிகள், மேசை விரிப்பு, திரைச்சீலை. “வீட்டை விட்டு நகராதவனுக்கு மடிப்புக் கலையாத வேட்டி எதுக்கும்மா?” என்று அப்பா கேட்டார். தலையணை உறைகள் இறங்கிய அன்று அக்கா கூடையைத் தொடாமல் மேலே பார்த்தார்.

“இன்னா பாப்பா இது? பாவம் பாத்துப் போடுறியா?”

“அம்மா போடச் சொன்னாங்க.”

“உங்கம்மாவை எனக்குத் தெரியாதா? தலகாணிக்கு எவன் இஸ்திரி போடுவான்? துணி இருந்தா அனுப்பு, இல்லாட்டி உட்டுடு. நான் எடத்துக்காக வந்துக்கினு கீறேன்.”

அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருந்தது. வேலை இல்லாவிட்டாலும், வந்து நின்றால்தான் இடம் அவருடையதாக இருக்கும். வெங்காய வண்டியிலும் யார் யாருடைய இரு சக்கர வாகனத்திலும் ஏறி வந்து, இரண்டு சட்டைகளுக்குக் கரி போட்டு, மதியம் வரை நின்றுவிட்டுத் திரும்பினார். மாமா ஒருமுறைகூட இடத்தைக் கேட்கவில்லை. “பாவம், இருந்துட்டுப் போறா” என்று கூட்டத்தில் அவரே சொன்னார். ஆனால் அவர் வீட்டிலிருந்தும் துணி வரவில்லை. மாமிக்காக எதையும் வெளியே கொடுப்பதில்லை.

அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. தியாகராய நகரில் கடைகள் திறந்தன. கோயில்கள் திறந்தன. பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்து ஓடத் தொடங்கிய வாரத்தில், இனி அக்காவுக்கு எளிதாகிவிடும் என்று நான் நினைத்திருந்தபோதுதான் அவர் கேட்டருகில் என்னைக் கூப்பிட்டார்.

“அந்த மாமாகிட்ட சொல்லிடு. எடத்தை எடுத்துக்கட்டும்.”

“ஏங்கா? இப்பதானே பஸ் விட்டிருக்கான்?”

“அதான் போறேன். பஸ் இல்லாதப்போ, பஸ் வந்தா சரியாப் பூடும்னு நெனச்சுக்கினு இருந்தேன். இப்ப பஸ்ஸும் வந்துடுச்சு, துணி வர்ல.” இஸ்திரிப் பெட்டியிலிருந்த சாம்பலைத் தட்டிக்கொண்டே பேசினார். “எங்க பில்டிங்குக்குப் பக்கத்துல ஆபீஸ் கிளீனிங்குக்கு ஆள் எடுக்குறாங்க. போய்ப் பாக்குறேன்.”

“நான் வேணா இன்னொரு தடவை எல்லாருகிட்டயும் பேசிப் பாக்கறேன்.”

“இன்னான்னு பேசுவ? யாரு என்னைப் போன்னு சொன்னாங்க? யாராவது வெரட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன் பாப்பா.”

ஒரு தடையை நீக்குவதற்கு என்னென்ன படிகள் வேண்டும் என்று எழுதத் தெரிந்த எனக்கு, தேவையை எந்தப் படியில் வைத்துத் திரும்ப அழைப்பது என்று தெரியவில்லை. பெரிய அறைகளில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்குமா என்பது ஐயம்தான்.

வண்டியைப் பழைய மரச்சாமான் எடுப்பவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். பெட்டியை மட்டும் ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். கனமாக இருந்ததால் பையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டு மந்தைவெளி நிறுத்தம் வரை நடந்தேன். துணியைக்கூடக் கயிற்றில்தான் இறக்க வேண்டும் என்று விதி எழுதியவள், ஒரே பையைப் பிடித்துக்கொண்டு அவரை உரசியபடி போனேன்.

பேருந்தில் ஒன்று விட்டு ஒன்றாக இருக்கைகளில் வெள்ளைப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைத் தூக்கிக் குறி போட்ட இருக்கையில் வைத்தார்.

நடத்துநர் உள்ளிருந்து, “யம்மா, அந்த சீட்டுல ஆள் உக்காரக் கூடாது” என்றார்.

“ஆள் இல்ல நைனா, பொட்டி” என்றார் அக்கா.

நடத்துநர் விசில் ஊதினார். வண்டி புறப்பட்டது.