அறுபத்தெட்டு கிலோ அண்ணன்

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். வைத்தவர் அங்கே விளையாட்டுகளுக்குக் கதை எழுதும் கதைக்காரர். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் சளைக்காமல் திரும்பிப் பார்ப்பாள். வயது நாற்பத்து மூன்று. சட்டைத் தொழிற்சாலையில் ஏழு ஆண்டுகள் காலர் தையலைப் பார்த்துப் பழுதானதைக் கழித்துப் போட்டவள், பிறகு பதினோரு ஆண்டுகளாக இந்த வீடியோ கேம் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். இதுவரை பத்தொன்பது விளையாட்டுகள், ஆறாயிரத்து இருநூற்று நான்கு பிழைகள். சுவருக்குள் நடந்துபோகும் குதிரை, சிரிக்க வேண்டிய இடத்தில் வாய் காணாமல் போன மந்திரி என்று எதையும் காட்சி எண், மணி, நிமிடத்தோடு பதிந்துவிடுவாள். விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று உறவுக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். ஒரே கதவை இருநூறு தடவை திறந்து பார்ப்பதற்குச் சம்பளம் என்பதே சரி.

அந்த நிறுவனத்தில் ஒரு நடைமுறை உண்டு. பிழையைப் பதிந்தவர்தான், அது சரியாகிவிட்டது என்று சோதித்து மூட வேண்டும். விளையாட்டையே கெடுக்கும் முதல் தரப் பிழை ஒன்றே ஒன்று திறந்திருந்தாலும் விளையாட்டு வெளியே போகாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டு பாதியில் நின்றுபோய் மானம் கப்பலேறிய பிறகு, முதலாளியே கொண்டுவந்த விதி இது.

இருபதாவது விளையாட்டில், வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில் ஒரு தங்கை அப்பாவைத் தேடிப் போகிறாள். அண்ணன் கூடவே வருகிறான். அவனுக்கு அடிபட்டால் தங்கையின் பையிலிருந்து துணி எடுத்துக் கட்டுப் போட வேண்டும். இருவரும் ஆளுக்கொரு கல்லின் மேல் ஏறி நின்றால்தான் பெரிய கதவுகள் திறக்கும். பதினோரு மணி நேரம் இப்படிப் போனால் அப்பா கிடைப்பார். குரல் பதிவு உட்பட எல்லாம் முடிந்திருந்தது.

வெளியீட்டுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது, போட்டி நிறுவனத்தின் விளையாட்டு ஒன்று கடைசித் திருப்பத்துக்காகப் பெரிதாகப் பேசப்பட்டது. ஒரே வாரத்தில் கதைக்காரர் இங்கும் ஒன்றை ஒட்டிவிட்டார். அண்ணன் முதல் காட்சியிலேயே வெள்ளத்தில் செத்துவிட்டானாம். இத்தனை நேரம் கூட வந்தது தங்கையின் பிரமையாம். முந்தைய நாற்பத்தொரு காட்சிகளில் அவர் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அவள் பதிந்தாள்: "அண்ணன் இறந்திருக்க முடியாது. முதல் தரம்." கீழே முப்பத்தேழு சான்றுகள்.

பதினொரு மணிக்கு முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"கதையில பிழை பதிய உங்களுக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?" என்றார் கதைக்காரர்.

"கதையில பதியல சார், கதவுல பதிஞ்சிருக்கேன். செத்தவர் எப்படிக் கல்லு மேல நின்னார்?"

"அது பிரமை. ஒரு உருவகம்."

"உருவகத்துக்கு அறுபத்தெட்டு கிலோன்னு போட்டிருக்கு. நாப்பதுக்கு மேல இருந்தாத்தான் அந்தக் கல்லே அமுங்கும். சரி, துணி எங்க போச்சு? நான் மட்டும் இருபத்தாறு துணி சுத்தியிருக்கேன். சந்தையில ஒருத்தி, காலை மிதிச்சிட்டியேன்னு அவர்கிட்ட சண்டைக்கு வர்றா. அவளுக்கும் பிரமையா?"

"முட்டுக்கட்டைன்னு சரியாத்தான் பேர் வச்சேன்."

"வண்டி பள்ளத்துல போகாம இருக்கத்தான் சார் அதை வைப்பாங்க."

முதலாளி சிரிக்கவில்லை. "ஜனங்க அதிர்ந்து போவாங்கம்மா. அதுதான் நமக்கு வேணும்."

"ஏமாந்து போவாங்க சார். அது வேற, இது வேற. முன்னாடியே துப்பு வச்சிருந்தா, அடடா, நம்ம கண்ணுல படலையேன்னு தலையில அடிச்சுக்கிட்டு மறுபடி விளையாடுவாங்க. இங்க துப்பே இல்லாம, நாம கவனமாப் பார்த்தவனைத்தான் முட்டாளாக்குறோம். பார்த்துப் பார்த்துக் கட்டுப் போட்டவன்தான் முதல்ல திட்டுவான்."

முதலாளி மணியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள மூடுங்க. இல்லன்னா திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம்."

வீட்டில் சொன்னபோது, குளிர்பெட்டி பழுதுபார்க்கும் அவள் கணவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மூடிட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. என் பேர்ல, சரியா இருக்குன்னு பதிவாகும்."

"சரியா இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி? சோத்தைப் போடு."

வெள்ளிக்கிழமை மூன்று பத்துக்குக் கதைக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். முப்பத்தேழு சான்றுகளையும் அழித்தாயிற்று. கட்டுப் போட்ட துணி பைக்கே திரும்பிவிடும். சந்தைக்காரியின் வாயை அடைத்தாயிற்று. அண்ணனின் எடை பூஜ்யம்.

"இப்ப மூடுங்க."

"சோதிச்சுட்டு மூடுறேன் சார்."

அவள் முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பதாவது நிமிடத்தில் முதல் பெரிய கதவு வந்தது. தங்கை ஒரு கல்லில் ஏறினாள், அமுங்கியது. அண்ணன் மறு கல்லில் ஏறினான். அது அசையவே இல்லை. அவள் முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் அவள் கையிலிருந்த விளையாட்டுக் கருவியைத் தானே வாங்கி நான்கு தடவை முயன்றார். கதவு இம்மியும் நகரவில்லை. அதற்கப்பால் பத்து மணி இருபது நிமிட விளையாட்டு யாரும் பார்க்க முடியாமல் கிடந்தது.

"தங்கை மட்டும் நின்னாப் போதும்னு மாத்திடலாமே," என்றார் கதைக்காரர். குரல் இறங்கியிருந்தது.

"இருபத்து மூணு கதவு சார். எல்லாத்தையும் மாத்திட்டா அண்ணன் எதுக்கு?"

முதலாளி கருவியை மேசையில் வைத்தார். "பழைய முடிவையே போடுங்க," என்று கதைக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "திருப்தியா? மூடுங்க."

அவள் விசைப்பலகையில் கை வைக்கவில்லை. ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதி நீட்டினாள். குரல் பதிவுக்கு முன் முழுக் கதையும் சோதனைப் பிரிவுக்கு வர வேண்டும். அவர்கள் பார்த்து முடித்த பிறகு எந்தத் திருப்பமும் சேர்க்கக் கூடாது.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க சார்."

"மிரட்டுறீங்களா?" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

முதலாளி பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். கதைக்காரர் பேனா எழுதவில்லை என்றார். அவள் தன் பேனாவைக் கொடுத்தாள். கையெழுத்துக்குக் கீழே அவர் முந்தின நாள் தேதியைப் போட்டிருந்தார். அதை அடித்துச் சரியாக எழுதச் சொன்னாள். எழுதினார்.

அப்போதும் அவள் பிழையை மூடவில்லை. பழைய முடிவையும் அண்ணனின் அறுபத்தெட்டு கிலோவையும் மறுபடி சேர்த்துக் கொடுத்ததும், சனிக்கிழமை காலை வந்து உட்கார்ந்து முதலிலிருந்து பதினோரு மணி நேரம் விளையாடினாள். இருபத்து மூன்று கதவுகளும் திறந்தன. இரவு ஏழு ஐம்பதுக்கு மூடினாள்.