எண்ணெய்த் தண்ணீரில் வந்த தேரைகள்

நேற்று எதிர்வீட்டு மெக்கானிக் கழுவி ஊற்றிய டீசல் எங்கள் வாசலோரம் வழிந்து வந்தது. அந்த நாற்றம் பட்டதும் என் கை தானாக வயிற்றுக்குப் போனது. மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டது. கைக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை, பாருங்கள்.

அவள் பிறப்பதற்கு முன் திருவொற்றியூரில் கால்வாயை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். நான் மாசமாக இருந்தேன். மழை விட்டும் தெருவில் வெள்ளம் வடியவில்லை. ஒரு காலை அதன்மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்து வந்தது. எங்கிருந்து என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. துறைமுக வேலைக்குப் போன கணவர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்தால் படியில் கறுப்புக் கட்டிகள். தார் உருண்டை என்று துடைப்பத்தால் தள்ளப்போனேன். ஒன்று கண்ணைத் திறந்தது. தேரைகள்!

குளியலறையில் ஒரு தேரையைப் பார்த்துவிட்டு சோப்பு நுரையோடு ஓடிவந்த வீராங்கனை நான். அதிலும் வயிற்றுப்பிள்ளைக்காரி மேல் தேரை விழுந்தால் பிள்ளை சூம்பிப் பிறக்கும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் பள்ளியில் படித்தது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது: இவை தோலாலும் மூச்சு விடும். அந்தத் தோல் முழுக்க எண்ணெய். தொண்டைக்குழி மட்டும் விட்டு விட்டுத் துடித்தது.

கதவைச் சாத்தினேன். உட்கார முடியவில்லை. மறுபடி திறந்து, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரைச் சொம்பில் எடுத்தேன்.

பக்கத்துப் போர்ஷன் மேரி அக்கா பார்த்துவிட்டார். காசிமேட்டில் மீன் விற்பவர்.

"இன்னாமே பண்ணிகினு கீற? மாசமா கீறவ தேரையத் தொடலாமா?"

"மூச்சு முட்டுதுக்கா அதுங்களுக்கு."

"புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா?"

அழுகை வந்துவிட்டது. "அதான்க்கா பயமா கீது."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார். "நீ குந்து. தண்ணி மட்டும் ஊத்து. மீனு கய்வுற கையி, எனக்கு இன்னா வந்துரப் போவுது?"

ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து, பழந்துணியால் ஒற்றி ஒற்றி எண்ணெயை எடுத்தார். சில அப்படியே கிடந்தன. சில மெல்ல அசைந்தன. அசைந்தவற்றில் ஒன்று அக்காவின் கை நழுவித் தாவி, நேராக என் வயிற்றின் மேல் விழுந்தது. அக்கா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்.

பிழைத்தவற்றை ஒரு வாளியில் வைத்திருந்து, வெள்ளம் வடிந்ததும் தெருக்கோடிக் காலிமனைப் புதரில் விட்டோம். அதன்பின் பிரசவம்வரை எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் திரையை விட்டுவிட்டு டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மகள் பிறந்தாள், கொழுகொழுவென்று. அக்கா வந்து அவள் தொடையைக் கிள்ளிப் பார்த்த பிறகுதான் ஜெபமே செய்தார்.

அந்தக் காலிமனையில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. தரை முழுக்க சிமெண்ட். நாங்கள் விட்டபின் வந்த அடுத்த மழைக்கு ஒன்றிரண்டு தேரைகள் கத்தின; அப்புறம் அதுவும் இல்லை. மேரி அக்கா மணலிப் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். போன மழையன்று போன் செய்தேன்.

"அங்க தேரை கத்துதாக்கா?"

"நானும் ஜன்னலத் தொறந்து வச்சிகினுதான் குந்திகினு கீறேன்மே. மய சத்தம் மட்டும்தான் கேக்குது."