சிக்கபள்ளாப்பூரில் நின்ற வண்டி

ரெமிஜியஸுக்குத் தன் வண்டியின் மேல் சந்தேகம் வந்ததே கிடையாது. இப்போது தன் மேலேயே வந்துவிட்டது. நாக்பூருக்கு பைக்கிலேயே போகிறேன் என்று லிங்கராஜபுரம் முழுக்கச் சொல்லிவிட்டு, சாமியாரை வைத்து வண்டிக்குத் தீர்த்தம் தெளித்துப் புறப்பட்ட மனுஷன், நாலாம் நாளும் சிக்கபள்ளாப்பூர் லாட்ஜில் உட்கார்ந்திருந்தால் வராதா பின்னே? வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது.

ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் லேத் ஓட்டி, இரண்டாயிரத்து ஒன்றில் விருப்ப ஓய்வு வாங்கியவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் மகள் வீணா, ஷங்கரைத்தான் கட்டிக்கொள்வேன், ரிஜிஸ்டர் கல்யாணம்தான் என்று நின்றாள். இதே பைக்கில் அவளைப் பெட்டியோடு ஏற்றிப்போய் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார். அதோடு வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்றார். மனைவி டோரதியும் எடுக்கவில்லை.

இப்போது அந்தப் பெண் புருஷனோடு மஸ்கட் போகிறாளாம், இருபதாம் தேதி. பக்கத்து வீட்டு தியோடர்தான் சேதியும் அவளுடைய நாக்பூர் விலாசமும் கொடுத்தார். ரெமிஜியஸ் ஆடிப்போய்விட்டார். எந்த வண்டியில் கொண்டுபோய் விட்டேனோ அதே வண்டியில் போய்ப் பார்த்தால்தான் சரி என்று கிளம்பினார். ரயில் இருக்கிறதே என்றவர்கள் மேல் எரிந்து விழுந்தார்.

முதல் நாள் கிளட்ச் கேபிள் அறுந்தது. நிஜமாகவே அறுந்தது, அதில் பொய்யில்லை. மறுநாள் கேபிள் மாட்டியாச்சு, மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஆந்திரா பக்கம் பந்த் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். எந்த ஊரில் என்று இவர் விசாரிக்கவே இல்லை.

நாலாம் நாள் வெயில் பளிச்சென்று அடித்தது, வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. லாட்ஜ்க்கார நாகேஷ், "ஹோக்தீரா, இர்தீரா?" என்று கேட்டார். போறீங்களா, இருக்கீங்களா? கன்னடம் ரெமிஜியஸுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனாலும் கேட்காதவர் மாதிரி வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். அங்கே போய் நின்று என்ன பேசுவது? மன்னிச்சுக்கோ என்பதா? அவள் கதவைத் திறந்து, யார் வேணும் என்று கேட்டுவிட்டால்? கடவுளே, கேபிள் இன்னொரு தடவை அறுந்தாலும் தேவலை என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு வண்டிக்கு மறுபடி ஸ்டாண்ட் போட்டார்.

தினம் சாயங்காலம் லாட்ஜிலிருந்து வீட்டுக்கு போன் போடுவது மட்டும் தவறவில்லை. அனந்தபூர் வந்தாச்சு, கர்னூல் தாண்டியாச்சு என்று மேப்பைப் பார்த்து அளந்துவிடுவார். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு டோரதி வைத்துவிடுவாள். அன்றைக்கு ஐதராபாத் என்றார். டிராஃபிக் தாங்கவில்லை என்றுகூடச் சேர்த்துக்கொண்டார்.

"போன் வந்தா நம்பர் காட்டுற டப்பா ஒண்ணு ஆசை ஆசையா வாங்கி மாட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் டோரதி. "நாலு நாளா ஒரே நம்பர்தான் காட்டுது."

அட, அதை மறந்தே போனாரே! எந்த ஊர், எந்த லாட்ஜ் என்று கேட்டுக்கொண்டு, அங்கேயே இருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வருகிறாள் என்று நினைத்தார். அதில் நிம்மதியா அவமானமா என்று அவருக்கே பிடிபடவில்லை. மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கையில் ஒரு பையும் தியோடரின் ஹெல்மெட்டும் இருந்தன. நேராக பைக்கிடம் போய்ப் பையைப் பின்னால் கட்டினாள்.

"நீயும் வர்றியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். "அவ உங்களுக்கு மட்டும்தான் பொண்ணா?"

பேரைச் சொல்லக் கூடாது என்று தான் போட்ட சட்டத்தைப் பெற்றவள் எப்படித் தாங்கினாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. போய் என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று, தெரு என்றும் பாராமல் ஒப்புக்கொண்டார்.

"நீங்க வண்டியை ஓட்டுங்க. பேசுறதுக்கு எங்கிட்ட ஏழு வருஷத்துப் பேச்சு இருக்கு."

அன்றைக்குத் தேதி பதினாறு. ரெமிஜியஸ் வண்டியை உதைத்தார்.